புதுச் செயின்

பத்து மணிக்குத் திருவொற்றியூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பகலவன் காத்திருப்பான். இந்தக் கல்யாணம் நர்மதாவின் வீட்டில் யாருக்கும் தெரியாது. கிளம்பலாமென்று வெளியே வந்தவள் நின்றுவிட்டாள். அவளுடைய பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அப்பா ஜெயவேல்.

“இன்னா நைனா இது? வேலைக்கு டைமாவுது!”

“செயின் தொளதொளன்னு கீது. எர்ணாவூர் மேம்பாலத்து மேலயே அறுத்துக்கும்.”

“சாயங்காலம் மெக்கானிக்காண்ட வுட்டுக்கறேன். சக்கரத்த மாட்டிக் குடு.”

“இத்த மாத்தாம நீ எங்கியும் போவ முடியாது.”

பழைய செயினை உருவி எறிந்தவர், முன்னும் பின்னும் இருந்த ஸ்ப்ராக்கெட் பல்சக்கரங்களையும் கழற்ற ஆரம்பித்தார். நர்மதா மணியைப் பார்த்தாள்.

“செயின் மட்டும் மாத்துனா போதும் நைனா!”

“தேஞ்ச பல்லுல புதுச் செயின் நிக்காது. ரெண்டு பேரு குந்துனா கழண்டுக்கும்.”

“நான் ஒருத்திதான போறேன்?”

அவர் வாங்கி வைத்திருந்த புதுச் செயினையும் பல்சக்கரங்களையும் பூட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவியை அவள் கையில் கொடுத்தார். கை கழுவ உள்ளே போனவர், விசேஷங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையோடு வந்து வண்டியின் பின்னால் ஏறினார்.

“நீ எங்க நைனா?”

“ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. பொண்ணு வூட்டு சார்பா சாட்சிக் கையெழுத்து யாரு போடுவா? வுடு வண்டிய.”