ஊர்க்கவுண்டரின் வெயில் கிரீம்

"உங்கப்பா சந்தைக்கு வந்திருக்காருடி. இன்னைக்கும் அதே வேஷந்தான். போய்ப் பாரு."

கூட வேலை பார்க்கும் யமுனா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பிரித்துப் போட்ட சேலைகளை மடிக்க உட்கார்ந்தாள்.

பானுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. செம்மேட்டு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்று நின்று கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. இதில் இது வேறு. சந்தை நாள் என்றாலே இப்போதெல்லாம் அவள் கடையை விட்டு வெளியே தலை காட்டுவதில்லை.

வேஷம் என்று யமுனா சொன்னது கிரீமைத்தான். அப்பா பொன்னுசாமி மூஞ்சி நிறைய வெயில் கிரீமை அப்பிக்கொண்டு திரிகிறார். மனுஷன் நல்ல கருப்பு. அந்த மூஞ்சியில் கிரீம் ஒட்டுமா, ஒழுங்காகத்தான் நிற்குமா? சாம்பலில் விழுந்து எழுந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

சும்மா ஆளா அவர்? ஊர்க்கவுண்டர். வரப்புத் தகராறோ பாகப்பிரிவினையோ, அவர் வாயைத் திறந்தால்தான் ஊர் அடங்கும். இப்போது அவர் வாயைத் திறந்தாலே பின்னால் எவனாவது களுக்கென்று சிரிக்கிறான்.

"உங்கப்பனுக்கு இந்த வயசுல செவப்பாகணுமாக்கும்?" என்று நேற்று மாமியார் கேட்டாள். பானுமதி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அந்தக் கிரீம் அம்மாவுக்கு வாங்கியது. அதுதான் அவளுக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பறித்த மிளகைக் களத்தில் கொட்டி, பகலெல்லாம் வெயிலில் காலால் கிளறிவிடுவது அவள் பிறந்த ஊரில் பெண்கள் பாடு. அப்படிக் கிளறிக் கிளறித்தான் அம்மா கண்ணாயிக்குக் கன்னம் எரிந்து, தடித்து, கருந்திட்டாகப் படர்ந்தது.

"கருப்புத் தோலை வெயில் என்னங்க பண்ணும்?" என்று அம்மா நாமக்கல் டாக்டரிடம் கேட்டாள்.

"கருப்புத் தோலும் வேகும்மா. இதைப் பூசாம வெயிலுக்குப் போகாதீங்க. போனா திட்டு இன்னும் பரவும்" என்று அவர் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து பானுமதிதான் தன் சம்பளத்தில் வாங்கி வாங்கி அனுப்புகிறாள்.

அப்பாவுக்கு என்ன கேடு வந்தது? ஆண்கள் மிளகு பறிப்பது மரத்தில் ஏணி சாத்தி, இலை நிழலில். வெயில் அவர் மேல் விழுவதே அபூர்வம். கட்டியவளின் மருந்தைப் பிடுங்கிப் பூசிக்கொள்கிற மனுஷனை என்னவென்று சொல்வது?

அம்மாவிடம் கேட்டால் மழுப்புவாள். "கிரீமு தீந்துருச்சு கண்ணு, இன்னொன்னு வாங்கியனுப்பு. அப்பாவ ஒண்ணுஞ் சொல்லிராத சாமி" என்று போனை வைத்துவிடுவாள்.

இன்றைக்கு விடுவதில்லை என்று நினைத்து, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு பானுமதி கிளம்பினாள்.

சந்தையில் உச்சி வெயில் சுள்ளென்று அடித்தது. சாக்கை விரித்து மிளகைக் குவித்து அப்பா உட்கார்ந்திருந்தார். தூரத்திலேயே அந்த மூஞ்சி தெரிந்தது. சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஆட்கள்.

"ஏனுங்க கவுண்டரே, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?"

"ஆமாங்க. உங்கூர்ல இருந்தாச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

பானுமதி அவர் பக்கத்தில் குந்தினாள். கத்தக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"மூஞ்சியத் தொடைங்கப்பா."

"வா கண்ணு. சாப்ட்டியா?"

"மொதல்ல தொடைங்க. நம்ம மானம் சந்தி சிரிக்குது. அம்மா மருந்த எடுத்துப் பூசிக்கிட்டுத் திரியறீங்களே, மனசாட்சி இருக்குதா உங்களுக்கு? மாமியாளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு எனக்கு."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். துடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் அலுப்பாத்தான் இருக்குது கண்ணு. பஞ்சாயத்துல ஒரு பய மதிக்கறதில்ல."

"அப்புறம் எதுக்குங்கப்பா இந்தக் கூத்து?"

அவர் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் இங்க வாங்க. மொளகு வாங்கறவங்களுக்குக் கவுண்டர் மூஞ்சி ஓசி. நல்லாப் பாத்துக்குங்க."

போகிற வருகிற பெண்களெல்லாம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பானுமதிக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா வந்துகொண்டிருந்தாள். வெற்றிலைக் கடையிலிருந்து, அந்த வெயிலில், சந்தைக்கு நடுவாக. அவள் மூஞ்சியிலும் அதே கிரீம் அதே மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு சனம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"நீ வாங்கிக் குடுத்த மொத நாளே பூசிக்கிட்டுக் களத்துக்குப் போனா உங்கம்மா. பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல முந்தானையில தொடைச்சுப் போட்டுட்டு, எரிஞ்சா எரியட்டும்னுட்டா. நான் கெஞ்சியும் கேக்கல."

பானுமதிக்குக் கண் கலங்கியது. குனிந்து மிளகைக் கையால் துழாவினாள்.

"ஊருக்குச் சிரிக்கறதுக்கு ஒரு மூஞ்சி போதும் கண்ணு. அது என்ற மூஞ்சியா இருந்துட்டுப் போகுது."