ஜன்னலோரப் பலகை

மாணவர் பேரவைக் கூடத்தில் கேரம் காய்கள் மோதிச் சிதறுகின்றன. தொலைந்துபோன சிவப்புக் காய்க்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தான் ஓடுகிறது. மூலையில் ஜெராக்ஸ் இயந்திரம் பச்சை வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் இழுக்கிறது. ஜன்னலோரம் செல்பேசிகளுக்குச் சார்ஜ் போடும் பலகை. இந்தக் கட்டடத்தில் டவர் ஒழுங்காகக் கிடைக்கும் இடமும் அது ஒன்றுதான். கருக்களாச்சேரி மீனவக் கிராமத்து ஷர்மிளா தன் போனை அங்கே சார்ஜில் போட்டுவிட்டு, அதை ஒட்டியே நிற்கிறாள். கடலுக்குப் போன அப்பா நேற்றே திரும்பியிருக்க வேண்டும். படகு கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் அவர் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். "நூறு ஆயிடுச்சுல்ல, கழட்டிக்கவாடி?" என்று கேட்கிறாள் தோழி கீர்த்திகா, அணைந்துபோன தன் போனைக் காட்டி. "வயரை எடுத்துக்க. போனு அங்கயே இருக்கட்டும்." கீர்த்திகா போன் நகர்ந்துவிடாமல் வயரை மட்டும் மெல்ல உருவுகிறாள். வெயில் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. திடீரென்று பலகை அதிர்கிறது. திரையில் 'அப்பா'. இரண்டு கையாலும் அள்ளிக் காதில் வைக்கிறாள் ஷர்மிளா. "அப்பா, எங்க வந்துட்டீங்க?" பேசுவது அம்மா. "நாந்தாண்டி. படகு இன்னும் வரல. ஒங்கப்பா போனை வீட்டுலயே வுட்டுட்டுப் போயிருக்காங்க. அரிசி மூட்டைக்குப் பின்னால சார்ஜ் இல்லாம கெடந்துச்சு, இப்பதான் பாத்து சார்ஜ் போட்டேன்." ஷர்மிளா போனைக் காதிலிருந்து எடுக்கிறாள். "அப்பாவாடி?" என்கிறாள் கீர்த்திகா, முகமெல்லாம் சிரிப்பாக. "ம்." போனை அதே இடத்தில், திரை மேலே தெரியும்படி வைத்துவிட்டு, ஷர்மிளா மறுபடியும் பலகையை ஒட்டி நின்றுகொள்கிறாள்.