நாலாவது மாடிக்கு லிஃப்ட்

மார்பகங்களைத் தூக்கி நிறுத்தும் அறுவைச் சிகிச்சை, ஆஸ்பத்திரிப் பேச்சில் வெறும் 'லிஃப்ட்', முடிந்து புனிதவதிக்குப் பதினெட்டு நாளாகியிருந்தது. ஆறு வாரத்துக்குக் கை தோளுக்கு மேலே போகக் கூடாது, தும்மினாலும் சிரித்தாலும் தையல் இழுக்கும், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் முதுகுவலி என்று சொல்லிவைத்திருந்தாள். தலையணையோடுதான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாள்; வீடு அவள் பேரில் இருந்ததால் ஓட்டும் அவளுக்குத்தான். "லிஃப்ட் வேணும்கறவங்க கை தூக்குங்க" என்றார் செயலாளர் தனசேகர். இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "ரெண்டு கை குறையுதே. நாலாவது மாடி மேடம், உங்களுக்கு லிஃப்ட் வேணாமா?" பக்கத்தில் கணவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, தலையணையை இறுக்கினாள். "வேணும் சார். வாயால சொல்றேனே, போதாதா?" "பைலாவுல கை தூக்கணும்னுதான் மேடம் இருக்கு." அவள் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு விரல்களை மட்டும் ஆட்டினாள். "இது ஓட்டா, இல்ல டாட்டா காட்றீங்களா?" கூட்டமே சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான்: புனிதவதிக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த மூன்றாவது மாடி ஜெசிந்தா. அவளும் கை தூக்கியிருக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பெரிய கைப்பை ஒன்றை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். முகத்தைத் திருப்பாமலே மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு எத்தனாவது வாரம்?"