சோழி வில்லாதான் வேணும்

"அப்பா, எடுத்துட்டாங்க! பேசு, பேசு!" கெசியா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தாள்.

ஓர்மண்ட் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். காலையில் இறக்கிய சிமெண்ட் இன்னும் புருவத்தில் ஒட்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடியல் கொண்டாட்டம் ஊரில் நடந்துகொண்டிருந்தது. முந்தாநாள் விடியலில், தலையில் மாவு மூட்டையோடு நடுத்தெருவில் ஆடி முதல் பரிசு வாங்கியிருந்தான். தெற்கே ஒரு தனித் தீவில், பணக்காரர்கள் வந்து தங்கும் வில்லாவில், குடும்பத்தோடு இரண்டு நாள்.

"மூட்டையோட ஆடினவரா சார்? நான் பெர்னிஸ், முன்பதிவு ஆபீஸ். வீடியோ பார்த்தேன்!"

"மூட்டை கீழ விழலை. அதையும் பார்த்தீங்களா மிஸ்?"

"பார்த்தேன், பார்த்தேன். எப்ப வர்றீங்க? ஜனவரி கடைசியில போடட்டுமா?"

"கிறிஸ்துமஸ்."

"சார், கிறிஸ்துமஸுக்கெல்லாம் வெளிநாட்டுக்காரங்க போன வருஷமே இடம் பிடிச்சிருப்பாங்க."

"எந்த நாள் வேணும்னாலும் போகலாம்னு மைக்குல சொன்னாங்களே மிஸ்," என்று புகுந்தாள் கெசியா. "ஊரே கேட்டுச்சு."

விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு ஒரு கூவல். "சார், உங்க காட்டுல மழை! பெலிக்கன் வில்லா நேத்துதான் ரத்தாயிருக்கு. இருக்கறதுலயே பெருசு. தனி நீச்சல் குளம். படுத்துக்கிட்டே கடல் பார்க்கலாம். பாரிஸ்ல இருந்து வந்த சமையல்காரர்!"

"நீச்சல் குளம்!" என்று நாற்காலி மேல் ஏறினான் ஜொவான். அக்கா கெசியா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அது வேண்டாம் மிஸ்," என்றான் ஓர்மண்ட். "சோழி வில்லா வேணும்."

"சோழியா? சார், அது சின்னது. ஜன்னலைத் திறந்தா துணி துவைக்கிற கொட்டகைதான் தெரியும்."

"அதேதான்."

"அதுல கனடாக்காரங்க வர்றாங்களே சார். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்."

ஓர்மண்டின் முகம் தொங்கிப்போனது. கெசியா மேசை மேல் பாதி கவிழ்ந்து போனருகே வாயைக் கொண்டுபோனாள். "மிஸ், அதே காசுக்கு அவங்களுக்குப் பெலிக்கனைக் குடுத்துடுங்க. வேண்டாம்னா சொல்லப்போறாங்க?"

"நல்லா இருக்கே கதை! எல்லாரும் சின்னது குடுத்தா பெருசு கேட்டுச் சண்டை போடுவாங்க. சரி, லைன்ல இருங்க, கேட்டுப் பார்க்கறேன்."

போனில் ஸ்டீல் டிரம் இசை ஓடியது. ஜொவான் அதற்கும் ஆடினான். ஓர்மண்ட் ஆடவில்லை. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கீழே நின்று பார்ப்பவனைப் போலப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அக்கா யூலாலி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். "டேய், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி தொங்கவிட எல்லா ஜன்னலுக்கும் புதுத் திரை தைச்சு வெச்சிருக்கேன். வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினா பழசுதானே தொங்கும்? தெரு என்ன பேசும்?"

"தெருவையும் கூட்டிட்டு வரச் சொல்றியா அக்கா?"

"வாய் மட்டும் குறையாது. கறுப்பு கேக், ஹாம், இஞ்சி பீர் மூணும் எடுத்துக்கறேன்."

"அங்கேயே எல்லாம் குடுப்பாங்க அத்தை," என்றாள் கெசியா.

"குடுக்கட்டும்டி. ஊரான் வீட்டு கேக்கைத் தின்னா எனக்கு அது கிறிஸ்துமஸே இல்லை."

இசை நின்றது. "சார்! அந்தக் கனடாக்காரம்மா சந்தோஷத்துல போன்லயே கத்திட்டாங்க. சோழி உங்களுக்குத்தான்!"

வீடு அதிர்ந்தது. ஓர்மண்ட் அக்காவை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றினான். "இறக்குடா எருமை! நான் என்ன சிமெண்ட் மூட்டையா?"

"சார், ஒரே ஒரு விஷயம்," என்றாள் பெர்னிஸ், சிரிப்பு அடங்காமல். "ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு சமையல்காரர் உண்டு. கிறிஸ்துமஸ் காலையில உங்களுக்கு என்ன செஞ்சு வைக்கச் சொல்லட்டும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். எங்ககூட மேசையில உக்காந்து சாப்பிட்டாப் போதும்."

"அப்படி யாரும் கேட்டதில்லை சார். ஆனா விருந்தாளி கேட்டா மறுக்கக் கூடாது, சொல்லிடறேன். சோழியில வெர்னெட்டான்னு ஒருத்தங்க. தங்கமான மனுஷி. மூணு வருஷமா கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக லீவு கேக்கறாங்க. கூட்டம் வர்ற சமயமாச்சே, இந்தத் தடவையும் குடுக்க முடியலை."

"ரொம்ப நல்லது மிஸ்," என்றான் ஓர்மண்ட் அவசரமாக. "இப்பப் போயி மனசு மாறி லீவு கீவு குடுத்துடாதீங்க."

பெர்னிஸின் குரல் சட்டென்று இறுகியது. "என்ன சார், இப்படிப் பேசறீங்க? நல்ல நாள் அதுவுமா அந்தம்மாவை எதிர்பார்த்து வீட்ல புருஷன், பிள்ளைங்க இருக்க மாட்டாங்களா?"

"புருஷன்தான் மிஸ் பேசறேன்," என்றான் ஓர்மண்ட். "பிள்ளைங்க ரெண்டும் இங்கதான் குதிச்சுக்கிட்டிருக்கு."