அதிர்வில் கழன்றது

"ஏங்க, உங்க அறிவாளிக் கதவு இன்னைக்கு உங்களையே உள்ள விட மாட்டேங்குது போல!"

காலை நடை முடித்து வந்தவர் வாசலில் நின்று, நான்காவது முறையாகக் கதவுக்குக் கைப்பேசியைக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு அசைந்து கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் மனைவி காப்பிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"சிரிக்காம தொறடி."

"நான் எதுக்குத் தொறக்கணும்? போனைத் தொட்டா தொறக்கும், பேசினாலே தொறக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? பேசிப் பாருங்க."

அவர் பேசிப் பார்த்தார். அக்கம்பக்கம் ஆளில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் அவளே வந்து உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் பூட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் மனிதர். உள்ளே ஒரு பேட்டரி தன் இடத்தைவிட்டு லேசாக நகர்ந்திருந்தது.

"அதிர்வு," என்றார், நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டர் மாதிரி.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்டில் எது கழன்றாலும் முதல் குற்றவாளி அதிர்வுதான். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அந்தக் குற்றவாளியை விடுவதாக இல்லை.

"இந்த வீடு என்ன மேலயும் கீழயும் போயிட்டா வருது, அதிர்றதுக்கு?"

"உனக்கென்ன தெரியும்? ரோட்டுல லாரி போகுதுல்ல!"

ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் அவர் இப்படியா இருந்தார்? ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மூன்று கேள்விக்கு ஒரு பதில் வரும், தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே மிஞ்சும். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் சொன்னதோடு சரி.

அப்பா எழுந்து சிரமப்படக் கூடாதே என்றுதான் மகள் அந்தப் பெரிய பெட்டியை வாங்கி அனுப்பினாள். தானே எரிகிற விளக்கு, தானே விலகுகிற திரைச்சீலை, ஆளைப் படம் பிடிக்கிற அழைப்புமணி, சாவியே வேண்டாத பூட்டு எல்லாம் அதில் இருந்தன. கம்பெனி ஆளே வீட்டுக்கு வந்து பொருத்தித் தருவார் என்று ஒரு சீட்டும் இருந்தது.

"என் வீட்டுல இன்னொருத்தன் வந்து ஸ்க்ரூ முடுக்குறதா?" என்று சீட்டைத் தூர எறிந்தார். அன்றைக்கு நாற்காலியைவிட்டு எழுந்தவர்தான்.

எல்லாவற்றையும் தானே மாட்டினார். ஆனால் மாட்டியது நிலைக்க வேண்டுமே! ஒரு நாள் விளக்கு, மறுநாள் திரைச்சீலை, அதற்கடுத்த நாள் அழைப்புமணி. நடந்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணி அவரை வரவேற்கும்.

"கம்பெனிக்காரங்க வந்து போட்டிருந்தா இந்தத் தலைவலி உண்டா?" என்பாள் மனைவி.

"அவங்க போட்டிருந்தா இன்னும் சீக்கிரமே கழண்டிருக்கும்."

"ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நானே கூப்பிடத்தான் போறேன், பாருங்க."

வாசலில் நிற்க வைத்த அந்தப் பூட்டு விஷயத்தில் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பரண்மேல் கிடந்த பழைய டூல் பெட்டியை இறக்கினார். ஒயர்களை நைலான் பட்டை போட்டு இறுக்கினார். பிளக்குகளுக்குப் பிடிமானம் அடித்தார், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பசை வைத்தார். இரண்டு முழு நாள் வேலை. சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இதை முடிச்சிட்டு வரேன்" என்று கத்தினார்.

"இனிமே பூகம்பமே வரட்டும்டி," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

அதன்பிறகு எதுவும் கழலவில்லை. விடிந்தால் திரைச்சீலை தானே விலகியது, இருட்டினால் விளக்கு தானே எரிந்தது. மகள் ஆசைப்பட்டபடி, அவர் நாற்காலியைவிட்டு எழ வேண்டிய தேவையே வரவில்லை. மனைவிக்கும் குத்திக்காட்ட ஒன்றும் அகப்படவில்லை. வீடு அவ்வளவு அமைதி.

பத்தாம் நாள் அவள் கம்பெனிக்குப் போன் செய்தேவிட்டாள். "என் வீட்டுக்காரர் போட்டது எனக்குச் சரிப்படல. நல்லா வேலை தெரிஞ்ச ஆளா அனுப்புங்க. காலையில அவர் வெளிய போற நேரத்துக்கு வரணும்."

மறுநாள் அவரை வம்பு பண்ணி நடக்க அனுப்பினாள். அவர் தெருமுனை திரும்பவும், தலையில் தொப்பியும் தோளில் டூல் பையுமாகக் கம்பெனி மெக்கானிக் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. நடுத்தர வயதுப் பெண். பூட்டைப் பார்த்தாள், ஸ்டூல் போட்டு ஏறித் திரைச்சீலை மோட்டாரைப் பார்த்தாள், ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் யாரும்மா மாட்டினது?"

"அவர்தான். ஏன், ரொம்ப மோசமா இருக்கா?"

"மோசமாவா? எங்க ஆளுங்ககூட இவ்வளவு கச்சிதமா போட மாட்டாங்க. இன்னும் பத்து வருஷத்துக்கு எதையும் தொட வேண்டியதில்ல." மெக்கானிக் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "ஒரு ரிப்பேரும் இல்லையே, எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

மனைவி ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர் வர்றதுக்குள்ள ஏதாவது ஒண்ணைக் கழட்டி விட்டுட்டுப் போம்மா, என் கையால இப்ப முடியல."