பிசிறு இல்லாத மூடி

தொழிற்சாலையில் மூடி செய்யும் புது லைன் முதல் தடவையாக ஓடுகிறது. பெல்ட்டின் வளைவுகளை வரைந்ததும், மண்டையை உடைத்துக்கொண்டு பிசிறு விடாத இந்தப் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்ததும் தங்கச்சிதான். இளகிய குழம்பு அச்சுக்குள் பாய்ந்து, வெள்ளை மூடிகளாக விழுகிறது. பெல்ட்டின் கடைசியில், வருஷக்கணக்காக மூடிகளில் பிசிறு சீவிய அக்கா கத்தியோடு நிற்கிறாள். ஜன்னல் வெயிலில் ஒரு மூடியைத் தூக்கி, விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறாள். “ஒரு பிசிறுகூட இல்லடி! என் தங்கச்சின்னா சும்மாவா?” முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரும் கைதட்டுகிறார்கள். இன்னொன்றை எடுக்கிறாள். அதிலும் இல்லை. சிரிப்பு மெல்ல வடிகிறது. “ஏன்டி, அப்ப நாளைக்கு எனக்கு இங்க என்ன வேலை?” மூடிகள் வந்து அக்காவின் கையில் முட்டி நிற்கின்றன. அவள் கையை விலக்கி வழிவிடுகிறாள்.