தலைத் திவசம் வரை

வலிப்பு வரும்போதெல்லாம் வேதவல்லியின் நினைவு துடைத்துவிட்டாற்போல் அழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுத்துவைத்த நினைவு நகலிலிருந்து, அதாவது பேக்கப்பிலிருந்து, மறுபடி ஏற்றி அனுப்புவார்கள். அது, மகன் நிதின் இறப்பதற்கு முந்தைய வாரம் எடுத்தது.

இன்றும் கண் விழித்ததும், "நிதின் சாப்பிட்டானா?" என்றாள்.

கணவன் தணிகாசலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகன் இறந்துபோனதை மூன்றாவது முறையாகச் சொன்னான். முதல் முறை போலவே வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் கெஞ்சினான். "இப்பவாவது பேக்கப் எடுத்துடலாம் வேதா. நீ சரின்னு சொன்னாத்தான் எடுப்பாங்க. இன்னொரு வாட்டி இதைச் சொல்ல என்னால முடியாதும்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"புள்ள போயி வருஷம் திரும்பல. துக்க வீட்டுல யாராச்சும் பேக்கப் எடுப்பாங்களா? தலைத் திவசம் முடியட்டுங்க."

இதையும் அவள் மூன்றாவது முறையாகத்தான் சொன்னாள்.